வெள்ளியும் அதன் துணையுலோகங்களும்

தமிழில் வெள்ளி என்னுஞ் சொல் வெண்மைப் பண்பின் அடியாகப் பிறந்தது. வெண்பொன் என்பது இவ்வுலோகத்துக்குப் பண்டையோர் வழங்கிய மற்றொரு பெயர். விடியற்கு முன் கிழக்கே ஒளிருங் கோளும், வாரத்தின் நாட்களுள் ஒன்றும் வெள்ளியென்றே பெயர் பெற்றன. கூத்தப்பெருமான் ஆடும் ஐந்து மன்றங்களுள் மதுரையில் உள்ளது வெள்ளியம்பலம். அவன் உறையுங் கயிலைக்கு வெள்ளிமலை என்பது பெயர். இவ்வாறு நிறமே பெயராய் அமைந்த இவ்வுலோகம் அந்நிறத்தோடு மண்ணிலிருந்து வெளிப்படுவது மிக அருமையாகும். பொன் பொன்னாகவே ஆற்று மணலிற் கிடைக்கும். வெள்ளியோ கரிய ஈயத்தாதுவினுள்ளும், செம்புத்தாதுவினுள்ளும், நாகத்தாதுவினுள்ளும் சிறு கூறாய்க் கலந்து மறைந்து கிடப்பது. ஆதலால் வெள்ளியின் வரலாறு என்பது பெரும்பாலும் அதனைப் பிறவற்றினின்றும் பிரித்தெடுத்த வரலாறேயாம். எம்முறையாற் பிரிப்பது என்பதைப் பொறுத்தே அது எந்நாட்டார் கையிற் சேர்ந்தது என்பதும், அதன்பொருட்டு எத்தனை உயிர்கள் மாண்டன என்பதும் அமைந்தன.

முதலில் அதன் இயல்புகளை நோக்குதல் பொருந்தும். வெள்ளியின் அணுவெண் 47, அணுநிறை 107.87. நீரிலும் ஏறத்தாழப் பத்தரை மடங்கு அடர்த்தியானது. 961.8 பாகை செல்சியசில் உருகும். பொன்னும் செம்பும் உருகுவதற்கு இதனிலும் ஏறக்குறைய நூறு பாகை மிகுதியாக வேண்டும். மின்னையும் வெப்பத்தையும் கடத்துவதில் உலோகங்கள் யாவற்றுள்ளும் முதலிடம் வெள்ளிக்கே உரியது. மின் கடத்துந் திறனிற் செம்பு அதற்கு அடுத்துநிற்பினும் இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஆறு பங்கு அளவினதே. இச்சிறு வேறுபாட்டுக்காக எவரும் வீட்டு மின்கம்பியை வெள்ளியாற் செய்யார். கட்புலனாகும் ஒளியைத் தெறிப்பதிலும் துலக்கிய வெள்ளியை விஞ்சிய உலோகம் இல்லை. தூய வெள்ளி மென்மையானது. நகத்தாற் கீறுமளவு மென்மையன்றாயினும், நாளும் புழங்கும் பாத்திரத்துக்கும் நாணயத்துக்கும் போதிய வன்மை அதற்கில்லை. இதனாலேயே ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியும் 75 பங்கு செம்புஞ் சேர்ந்த கலப்பு ஆங்கில நாட்டில் நெடுங்காலம் அளவையாகக் கொள்ளப்பட்டது. மண்ணிற் பிற உலோகங்களினின்றும் வருந்திப் பிரித்த ஒன்றைப் பயன்படுத்தும்போது மீண்டும் பிறிதோர் உலோகத்தோடு சேர்க்க நேர்வது ஒரு விந்தையே.

வெள்ளி காற்றிலுள்ள ஒட்சிசனாற் சாதாரண வெப்பநிலையில் தாக்கப்படாது. எனினும் வீட்டிலுள்ள வெள்ளிக் கிண்ணம் நாளடைவிற் கறுப்பதை யாவரும் அறிவர். இதற்குக் காரணம் ஒட்சிசன் அன்று. காற்றில் மிகச் சிறிய அளவில் உள்ள ஐதரசன் சல்பைட்டு என்னும் கந்தகச் சேர்வையே. வெள்ளியும் கந்தகமும் கூடி வெள்ளிச் சல்பைட்டு என்னுங் கரிய படலம் உண்டாகின்றது. வேகவைத்த முட்டையை வெள்ளிக் கரண்டியால் உண்டால் அக்கரண்டி விரைவிற் கறுப்பதும் இதனாலேயே. திருநீறு கொண்டு வெள்ளி விளக்கைத் துலக்குவது சைவ வீடுகளிற் பழகிய முறை. நுண்ணிய சாம்பல் அப்படலத்தை உராய்ந்து நீக்குகின்றது. அதனோடு சிறிது வெள்ளியும் நீங்கிவிடும். அலுமினியப் பாத்திரத்தில் வெந்நீரும் சோடாவும் இட்டு, வெள்ளிப் பொருள் அலுமினியத்தைத் தொடுமாறு வைத்தால், கந்தகம் வெள்ளியை விட்டு நீங்கப் படலத்திலிருந்த வெள்ளி மீண்டும் வெள்ளியாகவே பொருளின்மேல் தங்கும். இழப்பு இல்லாத முறை இதுவே. ஆயின் செதுக்கல்களின் பள்ளங்களில் வேண்டுமென்றே விட்ட கருமையும் இதனால் மறைந்துபோகும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

நைத்திரிக்கமிலத்தில் வெள்ளி கரையும்; பொன் கரையாது. இவ்வொரு வேறுபாட்டினைக் கொண்டே பொற்கொல்லரும் நாணயசாலையினரும் இவ்விரண்டினையும் பிரித்துவந்தனர். கரைந்த வெள்ளியிலிருந்து வெள்ளி நைத்திரேற்று என்னும் உப்புக் கிடைக்கும். ஆய்வுகூடத்தில் இதனைக் கவனமின்றிக் கையாண்ட மாணவன் விரலிற் கரிய கறையோடு பல நாள் திரிவான். உருகிய வெள்ளிக்கு மற்றொரு வியத்தகு குணமும் உண்டு. அது தன் கனவளவைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு ஒட்சிசனை உள்வாங்கி வைத்திருக்கும். ஆறி உறையும்போது அவ்வாயு முழுவதையும் ஒருங்கே வெளிவிடுவதால் உலோகத்தின் மேற்பரப்பு வெடித்து, உருகிய துளிகள் தெறிக்கும். வெள்ளி துப்புகின்றது என்று உலைத்தொழிலாளர் இதனைக் கூறுவர். ஈயமோ செம்போ சிறிது கலந்திருப்பின் இவ்வாறு துப்பாது. எனவே துப்புதல் தூய்மைக்கு ஓர் அடையாளமாகவும் கொள்ளப்பட்டது.

புவியோட்டில் வெள்ளியின் அளவு ஒரு கோடிப் பங்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இயற்கையிற் கம்பி கம்பியாகத் தூய வெள்ளி கிடைத்த இடங்களும் உண்டு. 1623 இல் நோர்வேயிலுள்ள கொங்சுபேர்க்கிற் கண்டுபிடிக்கப்பட்ட சுரங்கம் அத்தகையது. அவை விலக்குகளே. பழைய உலகிற்கு வெள்ளியை ஈந்த பெருந்தாய் கலேனா என்னும் ஈயச் சல்பைட்டுத் தாதுவாகும். அதனை உருக்கினாற் கிடைப்பது ஈயம். ஈயத்தினுள்ளே ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனிலுங் குறைவாகவோ வெள்ளி இருக்கும். அதனைக் கண்ணாற் காணவியலாது. காணவியலாத ஒன்று அங்கே உண்டு என்பதை மனிதன் எவ்வாறு அறிந்தான் என்பது சிந்திக்கத்தக்கது.

விடை நெருப்பிலே இருந்தது. வெள்ளி கலந்த ஈயத்தைக் குழிந்த கிண்ணத்திலிட்டு, மேலே துருத்தியாற் காற்றை ஊதிக்கொண்டு சூடேற்றினால், ஈயம் ஒட்சிசனோடு சேர்ந்து மிருதாரசிங்கி என்று சித்த மருத்துவர் வழங்கும் பொருளாக மாறும். உருகிய மிருதாரசிங்கியை எலும்புச் சாம்பலாலாகிய கிண்ணம் நீரை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சிவிடும், எஞ்சியது வழிந்தோடும். செம்பு முதலிய மாசுகளும் அதனோடு செல்லும். ஒட்சிசனுக்கு இணங்காத வெள்ளி மட்டும் ஈற்றில் ஒரு மணியாகத் திரண்டு, மூடியிருந்த மெல்லிய படலம் விலகியவுடன் திடீரென ஒளிவிடும். இப்புடமிடல் முறை கிறித்துவுக்கு முன் நாலாவது ஆயிரத்தாண்டிலேயே மேற்காசியாவில் அறியப்பட்டிருந்தது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயினும் பொன் வெள்ளிகளின் மாற்றுக் காண்பதற்கு அம்முறை கைவிடப்படவில்லை.

கிரேக்க நாட்டின் இலாவுரியன் மலைகள் இம்முறையாற் பெயர்பெற்றன. கி. மு. 483 அளவில் அங்கே வளமிக்க தாதுப் படுகையொன்று வெளிப்பட்டது. கிடைத்த வெள்ளியைக் குடிமக்கள் தம்முட் பகிர்ந்துகொள்வதே வழக்கமாயிருக்க, தெமித்தோக்கிளிசு என்னுந் தலைவன் அதனைக் கப்பல் கட்டச் செலவிடுமாறு ஏதென்சு நகரத்தாரை இணங்கச்செய்தான். கி. மு. 480 இற் சலாமிசுக் கடற்போரிற் பாரசீகரை வென்ற கப்பற்படை அவ்வெள்ளியால் எழுந்தது. ஏதென்சின் புகழைப் பாடும் நூல்கள் பல. அவ்வெள்ளியை அகழ்ந்த அடிமைகள் மூன்றடி உயரமும் இல்லாத சுரங்க வழிகளில் விளக்கோடு ஊர்ந்துசென்றதைக் கூறுவன சில. உரோமர் காலத்தில் இசுப்பெயினின் சுரங்கங்கள் முதன்மை பெற்றன. ஒரு பங்கு வெள்ளிக்கு நூற்றுக்கணக்கான பங்கு ஈயம் உருக்கவேண்டியிருந்தமையால் ஈயப்புகை வானெங்கும் பரவியது. அது எவ்வளவு என்பதற்குச் சான்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. கிறீன்லாந்தின் பனிப்படலங்களை ஆழத் துளைத்து ஆராய்ந்தோர், கிரேக்க உரோமர் காலத்துப் பனியில் ஈயத்தின் அளவு இயற்கை அளவைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்காய் இருந்ததென 1994 இல் வெளியிட்டனர். வெள்ளி நாணயங்கள் உருக்கப்பட்டு மறைந்தன. அவற்றைத் தந்த உலைகளின் புகை மட்டும் பனியிற் படிந்து நின்றது.

பாரத நாட்டிலும் இக்கலை பழையதே. இராசத்தானத்துத் தரீபாவிற் காணப்படும் பண்டைச் சுரங்கங்கள் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு முற்பட்டவை. கௌடிலியரின் அருத்தசாத்திரம் மாசுற்ற வெள்ளியை அதன் நாலிலொரு பங்கு ஈயஞ் சேர்த்துத் தூய்மை செய்யும்படி விதிக்கின்றது. புடமிடலே அங்கு கூறப்படுவது என்பதில் ஐயமில்லை. அக்காலத்து அடையாளம் பொறித்த வெள்ளி நாணயங்கள் வட நாட்டிலன்றித் தமிழகத்திலும் இலங்கையிலும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இலங்கையில் வெள்ளி கிடைத்ததெனக் கூறும் பழைய செய்தி ஒன்று மகாவமிசத்திலே உண்டு. துட்டகைமுனு மன்னன் காலத்தில் ஒரு குகையில் வெள்ளி காணப்பட்டதென்றும், அது பெருந்தூபியின் பணிக்கு உதவியதென்றும் அந்நூல் கூறும். குருநாகற் பகுதியிலுள்ள இரிதி விகாரை அவ்விடத்தில் எழுந்ததென்பது மரபு. இரிதி என்பது சிங்களத்தில் வெள்ளி. ஆயினும் இலங்கையில் வழங்கிய வெள்ளியின் மிகப் பெரும் பகுதி கடல்வழி வந்ததேயாம்.

மத்திய காலத்து ஐரோப்பாவிற் செருமன் மலைச்சுரங்கங்கள் ஓங்கின. பொகீமியாவின் யோவாக்கிம் பள்ளத்தாக்கில் 1516 இற் சுரங்கம் திறக்கப்பட்டு, அவ்வெள்ளியால் வார்த்த பெருநாணயம் பள்ளத்தாக்கின் பெயரால் தாலர் எனப்பட்டது. அமெரிக்கரின் தொலர் என்னும் பெயர் அதன் திரிபே. அவ்வூரில் மருத்துவராயிருந்த அகிரிக்கோலா சுரங்கத்தொழில் பற்றி எழுதிய பெருநூல் 1556 இல் வெளிவந்தது. அதே காலத்திற் கடலுக்கு அப்பால் நிகழ்ந்த மாறுதல் ஐரோப்பியச் சுரங்கங்களின் சிறப்பை மங்கச்செய்தது.

1545 இல் இன்றைய பொலிவியாவிலே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,000 மீற்றர் உயரத்தில், போத்தோசி என்னும் மலை வெள்ளிமலையெனத் தெரியவந்தது. அடுத்த ஆண்டில் மெக்சிக்கோவிற் சக்காத்தேக்காசும் வெளிப்பட்டது. தொடக்கத்தில் வளமான தாதுவை அந்நாட்டு மக்கள் தம் முறைப்படி, மலைச்சரிவில் வீசும் காற்றால் எரியும் சிற்றுலைகளில் உருக்கினர். வளமான தாது சில ஆண்டுகளிற் குறைந்தது. எஞ்சிய தாதுவை உருக்கப் போதிய விறகு அவ்வுயரத்தில் இல்லை. இவ்விடத்தேதான் ஈயத்துக்குப் பதிலாகப் பாதரசம் வெள்ளியின் துணையாயிற்று. செவில்லி நகரத்திலிருந்து வந்த பார்த்தலோமே தே மெதீனா என்பார் 1554 இன் பின் மெக்சிக்கோவின் பச்சூக்காவில் ஒரு முறையை நிலைநாட்டினார். அரைத்த தாதுவை நீரோடு குழைத்துக் கல் பாவிய முற்றத்திற் பரப்பி, உப்பும் செப்புச் சல்பேற்றும் பாதரசமுஞ் சேர்த்துக் கோவேறு கழுதைகளைக் கொண்டு பல வாரங்கள் மிதிப்பிப்பர். உப்பினால் வெள்ளிச் சல்பைட்டு வெள்ளிக் குளோரைட்டாக மாறும். பாதரசம் அக்குளோரைட்டினின்றும் வெள்ளியை விடுவித்துத் தன்னுட் கரைத்துக்கொள்ளும். கழுவிப் பெற்ற இரசக்கலவையைத் துணியிற் பிழிந்து சூடேற்றினாற் பாதரசம் ஆவியாகப் போக வெள்ளி நிற்கும். விறகு மிகுதியாக வேண்டுவதில்லை. வளங்குன்றிய தாதுவும் பயன்தரும். இரசாயனப் புலமை சிறிதும் வளராத காலத்தில் இத்துணைச் சிக்கலான மாற்றம் கைப்பழக்கத்தால் நடைபெற்றது.

ஆனால் ஒரு பங்கு வெள்ளி பெற ஒன்று முதல் இரண்டு பங்கு வரை பாதரசம் இழக்கப்பட்டது. அதனைத் தந்தவை இசுப்பெயினின் அல்மதேனும் பெருவின் குவாங்காவெலிக்காவும் ஆகும். பாதரச வணிகத்தை அரசு தனக்கே உரியதாக வைத்துக்கொண்டது. வெள்ளியில் ஐந்திலொரு பங்கு மன்னனுக்குரிய வரி. வெள்ளியை மறைத்து வைக்கலாம். வாங்கிய பாதரசத்தை மறைத்தல் இயலாது. ஒருவன் எத்தனை பாதரசம் வாங்கினான் என்பதைக் கொண்டு எத்தனை வெள்ளிக்கு வரி செலுத்தவேண்டும் என்பதை அரசின் அதிகாரிகள் கணித்தனர். பாதரசத்தை ஆண்டவரே வெள்ளியையும் ஆண்டனர் எனலாம்.

மனிதரும் இவ்வாறே கணிக்கப்பட்டனர். 1573 இல் அரசப் பிரதிநிதி பிரான்சிசுக்கோ தே தொலேதோ, இன்காக்களின் பழைய ஊழிய முறையான மீத்தாவைச் சுரங்கங்களுக்கென மாற்றியமைத்தார். பதினாறு மாகாணங்களின் ஊர்கள் வளர்ந்த ஆடவரில் ஏழிலொரு பங்கினரை ஆண்டுதோறும் போத்தோசிக்கு அனுப்பவேண்டும். தொகை ஏறக்குறைய 13,500. அவர்கள் குடும்பத்தோடும் மந்தைகளோடும் பல வாரம் நடந்து வந்தனர். தாதுவை முதுகிற் சுமந்து, தோல்வார் ஏணிகளிலே மெழுகுதிரி வெளிச்சத்தில் ஏறினர். தாது அரைக்கும் ஆலைகளின் தூசு நுரையீரலைத் தின்றது. குவாங்காவெலிக்காவிற் பாதரச ஆவியால் உடல் நடுங்கிப் பற்கள் உதிர்ந்து மாண்டோர் பலர். மரணச் சுரங்கம் என்றே அது அழைக்கப்பட்டது. பிள்ளைகளை இவ்வூழியத்திலிருந்து தப்புவிக்க வேண்டிப் பெற்றோர் ஊரைவிட்டு ஓடினர். ஆட்குறைந்த ஊர்களின் கடமையோ அதற்கேற்பக் குறைக்கப்படவில்லை. 1812 இல் இசுப்பானிய மன்றம் ஒழிக்கும்வரை இம்முறை நின்றது. போத்தோசி மாநகரில் 1611 அளவில் ஏறத்தாழ 1,60,000 மக்கள் வாழ்ந்தனர். அந்நகரின் செல்வத்தை வியந்து எழுதியோர் அதன் அடித்தளத்தை நோக்கியிருப்பாராயின் அவ்வியப்புக் குறைந்திருக்கும்.

அவ்வெள்ளி ஐரோப்பாவில் தங்கிவிடவில்லை. மிளகுக்கும் பட்டுக்கும் துணிக்கும் ஈடாக ஆசியா கேட்டது வெள்ளியையே. சீனப் பேரரசு வரியை வெள்ளியாக வாங்கியது. மணிலா நகரம் 1571 இல் இசுப்பானியர் வசமானபின் மெக்சிக்கோவின் அக்கப்புல்க்கோ துறையிலிருந்து கப்பல்கள் 1815 வரை பசிபிக்கடலைக் கடந்து வெள்ளி சுமந்துவந்தன. பாரசீக வளைகுடா வழியாக வந்த வெள்ளியில் ஒரு பகுதி இலாரின் என்னும் நாணயமாயிற்று. பாரசீகத்து இலார் நகரின் பெயரால் வழங்கிய அது வட்டமானதன்று. வெள்ளிக் கம்பியை மடித்துச் செய்தது. இலங்கையில் அது தூண்டில் முள்ளின் வடிவில் வளைக்கப்பட்டது. கண்டி மன்னனின் சிறையில் நெடுங்காலம் இருந்த றொபேட்டு நொக்சு 1681 இல் வெளியிட்ட நூலில் இதனைக் குறித்துள்ளார். மன்னன் இசைவோடு இதனை எவரும் செய்யலாம் என்றும், இதன் வெள்ளி இசுப்பானிய நாணயத்திலும் தூயது என்றும் அவர் கூறுகின்றார். தூய்மையில் ஐயம் எழுந்தால் அதனைச் செந்தழலாகக் காய்ச்சி நீரில் இடுவர். வெண்மையாய் வாராதாயின் அது செல்லாது. இச்சோதனை இரசாயன நெறிக்கு முற்றும் ஒத்தது. செம்பு கலந்திருப்பின் சூட்டில் அது ஒட்சைட்டாகிக் கருமை தரும். தூய வெள்ளி நிறம் மாறாது. அரசனின் முத்திரையிலும் நெருப்பின் சான்றையே அம்மக்கள் மேலாக மதித்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் துணைகள் மீண்டும் மாறின. 1850 இல் அலெச்சாந்தர் பாக்சு என்னும் ஆங்கிலேயர் உருகிய ஈயத்தில் நாகத்தைச் சேர்க்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வெள்ளி ஈயத்திலும் நாகத்தையே பெரிதும் நாடுவது. நாகம் ஈயத்தில் நன்கு கலவாது மேலே மிதப்பது. எனவே நாகம் வெள்ளியை வாரிக்கொண்டு மேலே படியும். அதனை வழித்தெடுத்துச் சூடேற்ற நாகம் ஆவியாகும். 1859 இல் அமெரிக்காவின் நெவாடாவிற் கொம்சுதொக்குப் படுகை வெளிப்பட்டது. 1887 இற் பொன்னுக்கெனத் தோன்றிய சயனைட்டு முறை பின்னர் வெள்ளிக்கும் உதவிற்று. செம்பை மின்பகுப்பால் தூய்மைசெய்யத் தொடங்கியபின் மின்வாயின் அடியிற் படிந்த சேறே வெள்ளியின் ஊற்றாயிற்று. ஈயத்தையும் செம்பையும் தேடியவர்க்கு வெள்ளி தானே வந்துசேர்ந்தது.

வெள்ளி பெருகிய அதே வேளையில் அதனை வேண்டுவோர் குறைந்தனர். செருமனி 1871 தொடக்கம் பொன் நாணயத்துக்கு மாறியது. 1873 இல் அமெரிக்காவும் வெள்ளி நாணய உரிமையை நிறுத்திற்று. ஒரு பங்கு பொன்னுக்குப் பதினைந்தரைப் பங்கு வெள்ளி என நெடுங்காலம் நின்ற விகிதம் குலைந்தது. இந்திய ரூபா 180 குன்று எடையும் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளியும் உடையது. இலங்கையும் அதனையே ஏற்று, 1872 முதல் ரூபாவையும் சதத்தையும் கணக்காகக் கொண்டது. 1871 அளவில் இரண்டு சிலினுக்குச் சிறிதே குறைந்திருந்த ரூபாவின் மதிப்பு 1893 இல் ஏறத்தாழப் பதினைந்து பென்சாயிற்று. தேயிலையைப் பொன் நாணயத்துக்கு விற்று, கூலியை ரூபாவாகக் கொடுத்த தோட்டத்துரைமாருக்கு இவ்வீழ்ச்சி இலாபமாயிருந்தது. கூலி பெற்றோருக்கு அவ்வாறன்று.

1893 சூன் மாதத்தில் இந்திய அரசு நாணயசாலைகளைப் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடியது. வரலாற்று நூல்கள் இதனை நாணயமாற்றுக் கொள்கையாகவே விளக்கும். அதன் உட்பொருள் சிற்றூரிலே விளங்கும். அதுவரை வெள்ளி கொண்டுசெல்வோர் எவருக்கும் நாணயசாலை சிறு கட்டணத்துடன் அதனை ரூபாவாக அடித்துக் கொடுத்தது. ஆதலால் ஒரு பெண்ணின் காலிலிருந்த தண்டையும் கொலுசும், குழந்தையின் அரைஞாணும், நிறையளவில் ரூபாவுக்கு ஏறக்குறைய ஒப்பானவை. அவையே ஏழையின் வங்கி. கதவு மூடியபின் நாணயத்தின் மதிப்பு அரசின் ஆணையால் உயர்த்தி நிறுத்தப்பட, வெள்ளியின் விலை தன்போக்கில் தாழ்ந்தது. 1897 அளவில் ஒரு ரூபாவிலுள்ள வெள்ளியின் சந்தை விலை ரூபாவின் மதிப்பில் மூன்றிலிரண்டு பங்கேயாயிற்று. 1896–97 இல் இந்தியாவைப் பஞ்சம் வருத்தியபோது நகையை விற்க வந்தவர் இக்கணக்கை அறிந்தவரல்லர். நகையின் எடையோ மாற்றோ குறையவில்லை. கிடைத்த தானியம் மட்டும் குறைந்தது. ஆணையிட்டோர் இதனை முன்னறியவில்லை என்பது நம்பத்தக்கதன்று.

முதலாம் உலகப் போரில் நிலைமை தலைகீழாயிற்று. வெள்ளி விலை ஏறியது. ரூபாவை உருக்கினால் இலாபம் என்னும் நிலை அணுகியது. அமெரிக்க அரசு 1918 இற் சட்டமியற்றித் தன் வெள்ளித் தொலர்களை உருக்கி ஏறக்குறைய இருபது கோடி அவுன்சு வெள்ளியை இந்திய நாணயத்துக்கெனப் பிரித்தானியாவுக்கு விற்றது. இலங்கையின் 1892 ஆம் ஆண்டு வெள்ளிச் சில்லறை நாணயங்களில் ஆயிரத்துக்கு 800 பங்காயிருந்த வெள்ளி 1919 இல் 550 பங்காகக் குறைக்கப்பட்டது. 1943 முதல் நிக்கற்பித்தளை அதன் இடத்தைப் பெற்றது. புத்தர் பெருமானின் 2500 ஆவது ஆண்டு நினைவாக 1957 இல் வெளியிடப்பட்ட ஐந்து ரூபா வெள்ளி நாணயம் பேணிவைத்தற்கே உரியதாயிற்று, புழங்குதற்கன்று.

நாணயத்தைவிட்டு நீங்கிய வெள்ளி வேறு பணிகளிற் புகுந்தது. வெள்ளியின் குளோரைட்டு, புரோமைட்டு, அயடைட்டு என்பன ஒளிபட்டாற் கறுப்பவை. 1839 இல் தகேர் வெளியிட்ட முறைமுதல் ஒளிப்படக்கலை முழுவதும் இக்குணத்தின்மேல் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில் ஆண்டுக்கு இருபது கோடி அவுன்சுக்கு மேல் வெள்ளி ஒளிப்படத்துக்கே செலவாகியது. மின்னணுக் கருவிகள் வந்தபின் 2020 களில் அது மூன்று கோடி அவுன்சுக்குக் குறைந்தது. பாரசீக மன்னன் சைரசு காய்ச்சிய நீரை வெள்ளிப் பாத்திரங்களிற் கொண்டுசென்றான் என எரொடோட்டசு கூறுவர். வெள்ளி அயன்கள் நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பது மெய். தீப்புண்ணுக்கு வெள்ளி சேர்ந்த களிம்பு 1968 இலிருந்து பயன்படுகின்றது. இதனைக்கொண்டு வெள்ளி நீரை மருந்தாகப் பருகலாமென்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. அவ்வாறு நெடுநாட் பருகியோரின் தோல் மாறாத நீலச்சாம்பல் நிறம் அடைந்துள்ளது.

செம்பினிடத்தில் வெள்ளி கம்பியான வரலாறும் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரிலே அணுகுண்டுக்கென யுரேனியத்தைப் பிரிக்கப் பெருங்காந்தங்கள் வேண்டியிருந்தன. செம்பு போர்த்தளவாடங்களுக்கே போதாமையால் அமெரிக்கப் படையினர் திறைசேரியிடம் வெள்ளியைக் கடன் கேட்டனர். தொன் கணக்கில் அவர்கள் பேச, திறைசேரி அதிகாரி தம் அலுவலகத்தில் வெள்ளிக்கு அளவை அவுன்சே என்று திருத்தினாராம். பெற்றது பதின்மூவாயிரந் தொன்னுக்கு மேல். துரப்பணத் துகள் முதலாக யாவும் திரட்டப்பட்டு, 1970 இல் இறுதிப் பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டபோது இழப்பு மிகச் சிறிதே.

சூரிய ஒளியை மின்னாக்கும் தகடுகள் வெள்ளிக்குப் புதிய வேலை தந்தன. சிலிக்கன் தகட்டின்மேல் மயிரிழைபோல் ஓடும் வெண்கோடுகள் வெள்ளிப் பசையால் அச்சிடப்பட்டவை. அவையே மின்னைத் திரட்டுவன. ஒரு தகட்டுக் கூற்றுக்கு வேண்டுவது ஒரு கிராமில் ஒரு சிறு பங்கே. ஆயினும் 2023 இல் இத்தொழில் ஏறத்தாழ 6,000 தொன் வெள்ளியை உட்கொண்டது. அவ்வாண்டிற் சுரங்கங்கள் தந்த வெள்ளி ஏறக்குறைய 26,000 தொன். மெக்சிக்கோ முதலிடத்திலும் சீனமும் பெருவும் அடுத்தும் நின்றன. 2021 முதல் 2024 வரை ஒவ்வோராண்டும் உலகின் தேவை வரவினை விஞ்சியது.

விலை ஏறினால் மிகுதியாக அகழ்வார் என்பது பொருளியலின் பாலபாடம். வெள்ளிக்கு அது முற்றும் பொருந்துவதில்லை. வெள்ளிக்கென்றே அகழப்படும் சுரங்கங்கள் தருவது மொத்தத்தில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. எஞ்சியது ஈய நாகச் சுரங்கங்களிலும் செம்புச் சுரங்கங்களிலும் பொற்சுரங்கங்களிலும் உடன்வரும் பொருள். செம்புச் சுரங்கத்தை நடத்துவோர் செம்பின் விலைநோக்கியே அகழ்வர். வெள்ளியின் விலை இருமடங்காயினும் அதற்காக மலையை மிகுதியாகத் தோண்டார். இராசத்தானத்தில் முன்னோர் ஈயமும் வெள்ளியும் எடுத்த அதே நிலப்பகுதியில் நாகத்தின்பொருட்டு நடைபெறும் சுரங்கங்கள் 2023–24 இல் 700 தொன்னுக்கு மேல் வெள்ளி தந்தன. அங்கும் முதன்மைப் பொருள் நாகமே. சூரியத்தகடு செய்வோரோ வெள்ளிக் கோடுகளை ஆண்டுக்காண்டு மெலிதாக்கியும், அவற்றினிடத்திற் செம்பை இடும் வழிகளை ஆராய்ந்தும் வருகின்றனர். செம்பு காற்றில் ஒட்சிசனோடு சேர்வதும், சிலிக்கனுட் புகுந்து அதனைக் கெடுப்பதும் அவர்க்குள்ள இடையூறுகள்.